விவாதம் பழக வரும் பிள்ளைகளுக்கு முதலில் பேச்சு சொல்லிக்கொடுக்காதீர்கள்

போட்டிச் சுற்றறிக்கை வந்த கையோடு பாடசாலையில் என்ன நடக்கும் என்று இலங்கை மலையகத்தில் தமிழ் படிப்பிக்கிற யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. தமிழ் ஆசிரியர் ஒருவர் இரவில் கண்விழித்து அணியில் இருக்கும் எல்லோருக்கும் பேச்சு எழுதுவார், பிள்ளைகள் அதை நெட்டுருப் போடுவார்கள். முதலாவதாகப் பேச வருகிற பிள்ளை அவைத்தலைவரில் தொடங்கி நேரக் கணிப்பாளர் வரை ஒருவர் விடாமல் வணக்கம் சொல்லி, தமிழன்னைக்குத் தனியாக ஒரு வணக்கம் வைத்து, மூச்சு வாங்கி, "எதிரணி நண்பர் கூறிய கருத்து நகைப்புக்கிடமானது" என்று முழங்கும். எதிரணி நண்பர் அதுவரை நாற்காலியை விட்டே எழும்பியிருக்கமாட்டார். பந்து வருவதற்கு முன்பே மட்டையைச் சுழற்றிவிட்டு சிக்ஸர் என்று கையைத் தூக்குவது மாதிரி. ஆனாலும் கைதட்டு கிடைத்துவிடும், அதனால்தான் இந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது.

பேச்சுக்கலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசியதும், அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுக் கட்டிப் பாடியதும் பொழுதுபோக்குக்காக நடந்த காரியங்களா என்ன? நாவன்மையால் ஆளைத் திரட்டிய மண் இது. விவாதத்துக்கும் நாவன்மை வேண்டும்தான். ஆனால் அங்கே எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவர் ஒன்று சொல்லப்போகிறார், அது என்னவென்று நமக்கு முன்கூட்டித் தெரியாது, தெரிந்த பிறகு யோசிக்கக் கிடைப்பதோ சில நிமிடம். எழுதிக்கொடுத்த பேச்சு அந்த இடத்தில் பிள்ளையைக் கைவிட்டுவிடும். அதனால் நான் வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டேன். முதலில் காரணம் தேடப் பழகுவது, பிறகு கேட்கப் பழகுவது, பிறகு மறுப்பது. மேடை, மைக், வணக்கம் எல்லாம் கடைசியில்.

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பாதையோரம் எங்கள் பாடசாலை. ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் பஸ் வருவதற்குள் கிடைக்கிற நேரம்தான் எங்கள் விவாத வகுப்பு. ஒன்பதாம் பத்தாம் தரப் பிள்ளைகள் வருவார்கள். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள் ஒரு பாதி. வகுப்பில் வாய் ஓயாதவர்கள், "சேர், இவனைக் கொஞ்சம் நீங்க வச்சிருங்க" என்று வகுப்பாசிரியர்கள் என்னிடம் தள்ளிவிட்டவர்கள் மறுபாதி. சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் இரண்டாவது பாதிதான் சீக்கிரம் தேறுகிறது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் குழாயடியில் தண்ணீருக்கு நின்று வாதாடிப் பழகியவர்கள். ஒருவர் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு அதிலேயே திருப்பிக் கேட்கத் தெரியும் அவர்களுக்கு.

முதல் வகுப்பில் யாரையும் எழும்பி நிற்கச் சொல்வதில்லை. வட்டமாக உட்காரவைத்து, அவர்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு தலைப்பு கொடுப்பேன். நான் அடிக்கடி எடுப்பது இது: மலையகப் பாடசாலைகள் காலை 7.30க்குப் பதிலாக 8.30க்குத் தொடங்க வேண்டும். நூலகம் தேவையில்லை, கூகுள் தேவையில்லை. எல்லோரும் அன்று காலையில்தான் அந்த அவதியைப் பட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

"பனி சேர்" என்றான் ஒருவன்.

பனி இருந்தால் என்ன?

"குளிரும்."

எட்டரைக்கும்தான் குளிரும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "இல்லீங்க சேர், பனின்னா பஸ் வளைவுல மெதுவாத்தான் வரும். லேட்டா வந்தா கேட்டு மூடிருவாங்க. வெளிய நிக்கணும். மொத பாடம் போயிரும். எங்களுக்கு மொத பாடம் கணக்கு" என்றான்.

இதுதான் வாதம். பனி என்பது வெறும் சொல். பனியிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து கேட், கேட்டிலிருந்து கணக்குப் பாடம் என்று கண்ணி கண்ணியாகக் கோத்துக் காட்டிய பிறகுதான் கேட்கிறவருக்கு மறுக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆங்கில விவாதக் கையேடுகளில் கூற்று, காரணம், சான்று, விளைவு என்று பெட்டி பெட்டியாகப் போட்டிருப்பார்கள். அதைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் கொப்பியில் பார்த்தெழுதி அடிக்கோடு போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். நான் மூன்று கேள்விதான் வைத்திருக்கிறேன்: ஏன்? எப்படி நடக்கும்? நடந்தால் யாருக்கு என்ன? பிள்ளைகளே ஒருவரை ஒருவர் இந்த மூன்றையும் கேட்டுக் குடைய வேண்டும். மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். "மாணவர்கள் பாதிக்கப்படுவார்கள்" என்று சொல்லி முடிப்பார்கள். எந்த மாணவர், எவ்வளவு பாதிப்பு, ஒரு நாளைக்கா வருடம் முழுக்கவா என்று கேட்டால்தான் பேச்சில் உயிர் வரும்.

அதே தலைப்பில் இன்னொரு நாள் ஒரு பிள்ளை சொன்னது: "எங்கம்மா ஆறரைக்கே பெரட்டுக்குப் போயிருவாங்க சேர். புள்ளக் காம்பரா ஏழு மணிக்குத்தான் தொறப்பாங்க. தம்பிய விட்டுட்டு நான் ரோட்டுக்கு ஏறி வர்றதுக்குள்ள பஸ் போயிரும். எட்டரைன்னா நிம்மதி." (பெரட்டு என்பது வேலைக்கு முன் தொழிலாளர் கூடிப் பெயர் பதிகிற இடம், புள்ளக் காம்பரா தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையம்.) பக்கத்தில் இருந்தவள் உடனே, "எங்க வீட்லயும் அம்மா ஆறரைக்குத்தான் போறாங்க. எட்டரைன்னா ரெண்டு மணித்தியாலம் நானும் தங்கச்சியும் தனியா இருக்கணும். அவ ரெண்டாம் ஆண்டு. இப்பன்னா அம்மா கெளம்பறப்பவே நாங்களும் கெளம்பிருவோம்" என்றாள்.

இரண்டு பேரும் சொன்னது ஒரே தகவல், தாய் ஆறரைக்கு வேலைக்குப் போகிறார் என்பது. ஒருத்திக்கு அது தலைப்புக்கு ஆதரவாக நிற்கிறது, மற்றவளுக்கு எதிராக. இந்த இடம் வந்துவிட்டால் அன்றைய வகுப்பு வெற்றி என்று எனக்குத் தெரிந்துவிடும். ஏனென்றால் தொடக்கத்தில் வருகிற பிள்ளைகள் தகவல்தான் வாதம் என்று நினைக்கிறார்கள், கையில் நிறையத் தகவல் இருந்தால் வென்றுவிடலாம் என்று நம்புகிறார்கள். தகவல் யார் பக்கமும் இல்லை, அதை எங்கே கோக்கிறோம் என்பதுதான் விஷயம் என்பதை நான் ஒரு மணித்தியாலம் விளக்கியிருந்தாலும் அந்த இரண்டு பிள்ளைகள் காட்டிய மாதிரி வந்திருக்காது.

அதோடு நிற்கவில்லை. மூலையிலிருந்த ஒருவன், வகுப்பாசிரியர் தள்ளிவிட்ட ரகம், "அப்ப கேட்ட மட்டும் லேட்டா மூடச் சொல்லுங்களேன் சேர், ஸ்கூலையே எதுக்கு லேட்டாக்கணும்?" என்று கேட்டான். எதிரணி செய்யக்கூடிய மிகக் கெட்டிக்காரத்தனமான வேலை இது. பிரச்சினை இருக்கிறது என்று ஒத்துக்கொள்வது, ஆனால் இதைவிடச் செலவில்லாத தீர்வு ஒன்றை வைப்பது. பெயர் எதுவும் சொல்லிக்கொடுக்காமலே அவனுக்கு அது வந்துவிட்டது.

அடுத்தது தலைப்பைப் படிப்பது. பிள்ளைகள் தலைப்பைப் பார்த்ததும் பேனையை எடுத்துவிடுகிறார்கள். பேனையை வைக்கச் சொல்லிவிட்டு, சொல் சொல்லாகக் கேட்கவேண்டும். மலையகப் பாடசாலை என்றால் நுவரெலியா மாவட்டம் மட்டுமா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரியும் சேர்த்தா? 8.30க்குத் தொடங்கினால் எத்தனை மணிக்கு விடுவது? இரண்டரைக்கு விட்டால் பின்னேர பஸ் என்னாகும்? இதை முடிவுசெய்து அவையில் தெளிவாகச் சொல்வது மாற்றம் கேட்கிற அணியின் பொறுப்பு. இப்போது என்ன குறை, நாங்கள் சொல்வதைச் செய்தால் அது எப்படித் தீரும், தீர்க்கப்போய் வேறு தலைவலி வராதா, இந்த மூன்றுக்கும் அவர்கள் பதில் வைத்திருக்க வேண்டும். எதிரணிக்கு மூன்றையும் உடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஒன்றை உருப்படியாக உடைத்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

வரைவிலக்கணம் என்ற பெயரில் நடக்கிற கூத்து தனி. "பாடசாலை என்பது வாழ்க்கை எனும் பாடசாலையைக் குறிக்கும்" என்று ஒரு பிள்ளை தொடங்கினால் அந்த விவாதம் அங்கேயே படுத்துவிடும். இது பெரிய மேடைகளிலும் நடக்கிறது, நடுவர்கள் தலையாட்டி ரசிக்கவும் செய்கிறார்கள். எனக்கு ஆகவே ஆகாது. ரோட்டில் போகிற ஒருவரிடம் தலைப்பைச் சொன்னால் அவர் என்ன விளங்கிக்கொள்வாரோ அதுதான் பொருள். அதை வளைத்து நமக்கு வசதியாக்கிக்கொள்வது விதண்டாவாதம்.

சரி, கேட்கப் பழகுவதற்கு வருவோம். இதற்கு நான் வைத்திருக்கிற பயிற்சி மிகச் சின்னது, ஆனால் இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்கிறேன். ஒரு பிள்ளை ஒரு நிமிடம் பேசும். அடுத்த பிள்ளை தன் பதிலைச் சொல்லுமுன், முதலாமவர் சொன்னதைத் தன் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லவேண்டும். முதலாமவர் "ஆமா, அதத்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டால்தான் பதில் சொல்ல அனுமதி. இல்லாவிட்டால் மறுபடி. முதல் தடவை பார்த்தால் சிரிப்பாக வரும். "அவங்க பஸ் பத்தி என்னமோ சொன்னாங்க சேர்" என்பார்கள். காது இங்கே இருக்கும், மனது தான் சொல்லப்போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு வகைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாகத் திருப்பிச் சொல்வார்கள், "அப்ப நீங்க படிக்கவே வேணாங்கிறீங்க" என்பது போல. எதிராளி சொல்லாததைச் சொன்னதாக வைத்து அடிக்கிற வேலை. அதை இந்தப் பயிற்சி நன்றாக அடக்கும், ஏனென்றால் முதலாமவர் "நான் அப்படிச் சொல்லல" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

குறிப்பெடுக்க ஒரு புல்ஸ்கப் தாளை நீளவாக்கில் மடித்தால் போதும். இடப்பக்கம் அவர்கள் சொன்னது, வலப்பக்கம் அதற்கு நேரே எங்கள் பதில். இரண்டு நிறப் பேனை இருந்தால் நல்லது. முழு வசனம் எழுதக்கூடாது, ஒரு வாதத்துக்கு இரண்டு மூன்று சொல். வலப்பக்கத்தில் எங்கே வெற்றிடம் இருக்கிறதோ அங்கேதான் நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம், அணியில் அடுத்துப் பேசப்போகிறவர் அதைப் பார்த்தாலே தன் வேலை என்னவென்று தெரிந்துகொள்வார். பதில் சொல்லப்படாத வாதம் ஒத்துக்கொள்ளப்பட்ட வாதம் என்பது நடுவர்கள் பொதுவாகப் பின்பற்றுகிற கணக்கு.

மறுப்புரைக்கு ஒரு வாய்ப்பாடு கொடுக்கத்தான் வேண்டும், தொடக்கப் பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி தேவை. அவர்கள் சொன்னது இது, நாங்கள் சொல்வது இது, ஏனென்றால் இது, ஆகவே இது. நான்கே படி. உதாரணமாக, ஐந்தாம் தர புலமைப்பரிசில் பரீட்சை ஒழிக்கப்படவேண்டும் என்ற தலைப்பில் எதிரணியில் ஒரு மாணவி நன்றாகப் பேசினாள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் இலவசக் கல்வி வந்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாய்ப்புக் கிடைத்துவிட்டது, கெட்டிக்காரர்களைத் தெரிந்து மேலே கொண்டுபோக இந்தப் பரீட்சை வேண்டும் என்பது அவள் வாதம். பதில் சொல்ல எழும்பிய பையன் தாளைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னான்: "எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாய்ப்பு என்றார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அது அப்போது வரவில்லை. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களின் பின்பாதியில்தான். ஆகவே ஒரே கோட்டில் நின்று ஓடாதவர்களை ஒரே பரீட்சையில் அளப்பது நியாயமில்லை." நான்கு படியும் இருந்தது. கையை ஆட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை.

ஆனால் அந்த மாணவியும் விடவில்லை. அவள் கையாண்டது நான் எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கும் ஒரு வசனம்: "சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்." ஓடுகோடு சமமில்லை என்பதை அப்படியே வைத்துக்கொள்வோம், பரீட்சையை எடுத்துவிட்டால் நல்ல வசதியுள்ள நகரப் பாடசாலைக்குள் நுழையத் தோட்டத்துப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே வாசலும் அடைபடாதா? இந்த வசனம் பிள்ளைகளின் நடத்தையையே மாற்றிவிடுகிறது. எதிராளி சொன்ன எல்லாவற்றையும் மறுத்தே ஆகவேண்டும் என்ற பதற்றம் போய்விடுகிறது. ஒத்துக்கொண்டும் வெல்லலாம் என்று தெரிந்த பிள்ளை பிறகு கத்துவதில்லை.

இங்கே ஒரு மலையக வியாதியைப் பற்றியும் சொல்லவேண்டும். தலைப்பு கைத்தொலைபேசியாக இருக்கட்டும், தனியார் வகுப்பாக இருக்கட்டும், எங்கள் பிள்ளைகள் "இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு" என்றுதான் தொடங்குவார்கள். 1820களில் கோப்பி, 1867 ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர, தேயிலை, பிறகு கோப்பி நோய், 1948 குடியுரிமைச் சட்டம், 1964 ஒப்பந்தம் என்று ரயில் மாதிரி வரும், மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் அதிலேயே போய்விடும். வரலாறு தெரிந்திருப்பது பெரிய விஷயம், அதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஒவ்வொரு ஆண்டையும் சொன்ன பிறகு "ஆகவே" என்று ஒரு சொல்லைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 1867இல் தேயிலை வந்தது, ஆகவே வகுப்பறையில் கைத்தொலைபேசி கூடாது என்று அவர்களே சொல்லிப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள்.

வரலாறு வேண்டிய தலைப்பில் அதே தகவல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டவும் வேண்டும். ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்தது என்று ஒரு தலைப்பு உயர்தரப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுண்டு. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று 1964இல் எழுதினார்கள், அந்தப் பிறகு வந்தது 1974இல், பாதிப்பாதி. இந்த எண்களை ஒப்புவித்தால் பாடம். அந்த 150,000 பேரில் ஒரு குடும்பம் பத்து வருடம் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாமல் எப்படிப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசியிருக்கும், எப்படி வீடு திருத்தியிருக்கும் என்று கேட்டால் வாதம். மறுபக்கத்துக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது: 1948க்குப் பிறகு நாடற்றவராகக் கிடந்தவர்களில் ஒரு பகுதிக்காவது ஒரு கடதாசி கிடைத்ததே என்று.

எண் என்றதும் ஞாபகம் வருகிறது. "தொண்ணூறு வீதமான மாணவர்கள் தொலைபேசியால் கெட்டுப்போகிறார்கள்." எங்கிருந்து வந்தது இந்தத் தொண்ணூறு? எப்போதும் தொண்ணூறுதான், எண்பத்தேழு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. என் வகுப்பில் யாராவது வீதம் சொன்னால் மற்றவர்கள் சேர்ந்து "யாரு எண்ணுனா?" என்று கேட்கலாம், அதற்கு அனுமதி உண்டு. பதில் இல்லாவிட்டால் அந்த எண் வெட்டப்படும். அதற்குப் பதிலாகத் தன் தோட்ட டிவிசனில் தான் பார்த்த ஒன்றை ஒழுங்காகச் சொன்னால் எனக்கு அது போதும். ஒரு வீட்டில் நடந்ததை வைத்து நாடு முழுக்க அப்படித்தான் என்று இழுக்காத வரையில்.

தலைப்பு தேர்வுதான் ஆசிரியர் கையிலிருக்கிற பெரிய வேலை, அதில்தான் நாங்கள் சோம்பேறித்தனம் காட்டுகிறோம். கல்வியா செல்வமா, அறிவியல் ஆக்கமா அழிவா என்று பழைய தலைப்புகளையே தூசு தட்டி எடுப்போம். பட்டிமன்றத்துக்கு அவை பொருந்தும், நடுவர் கடைசியில் இரண்டும் வேண்டும் என்று நகைச்சுவையாக முடித்து அனுப்பிவிடுவார். விவாதத்துக்கு ஒரு செயல் வேண்டும், செய்யலாமா வேண்டாமா என்று. அதோடு இரண்டு பக்கமும் மனச்சாட்சியோடு பேசக்கூடியதாக இருக்கவேண்டும். தோட்டத் தொழிலாளருக்குச் சம்பளம் கூட்டவேண்டுமா என்று தலைப்பு வைத்து, நாணயத்தைச் சுண்டி எதிரணியில் போட்டால், "எங்கம்மா சம்பளத்துக்கு எதிரா நான் எப்படி சேர் பேசறது?" என்று பிள்ளை கேட்பது நியாயம்தானே. கிலோ குறைந்ததற்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்ட நாளில் அம்மா வீட்டுக்கு வருகிற முகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று சம்பள நிர்ணய சபை 2021இல் முடிவெடுக்கும் வரைக்கும் எத்தனை போராட்டம் பார்த்த வீடுகள் இவை.

அதே விஷயத்தை வேறு மாதிரி வைக்கலாம். நாட்சம்பளத்துக்குப் பதிலாகத் தேயிலைக் காணியைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பறிக்கிற கொழுந்தைக் கம்பெனி விலைக்கு வாங்கவேண்டும். இப்போது இரண்டு அணியும் தொழிலாளியின் பக்கம்தான் நிற்கிறது. ஒரு பக்கம், பெரட்டு இல்லை, கிலோ குறைந்தால் அரைப் பேர் இல்லை, சொந்தமாக உழைக்கலாம் என்று பேசும். மறுபக்கம், மழையில்லாத மாதம் யார் சோறு போடுவது, ஈபிஎஃப் ஈடிஎஃப் என்கிற ஊழியர் நிதிகள் என்னாவது, உரம் யார் கணக்கில், கொழுந்து விலையை யார் தீர்மானிப்பது என்று கேட்கும். வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் சண்டை போடுகிற விஷயம் என்பதால் பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொண்டு வருவார்கள், இதைவிட நல்ல வீட்டுப்பாடம் கிடையாது. தனி வீடா மாடி வீடா என்பதும் அப்படியே. ஏழு பேர்ச் காணியில் சொந்த வீடு என்று ஒரு பக்கம் பேச, 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவைச் சொல்லி, பாதுகாப்பான நிலம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று மறுபக்கம் கேட்கும்.

நாணயம் சுண்டுவதை நான் கைவிடமாட்டேன். தான் நம்பாத பக்கத்தைப் பேசிய பிள்ளை தான் நம்புகிற பக்கத்தை அடுத்த வாரம் இரண்டு மடங்கு நன்றாகப் பேசுகிறது. "மனசுல இல்லாதத பேசறது பொய் இல்லையா சேர்?" என்று கேட்பவர்கள் உண்டு. உன் நண்பன் அப்படி நினைக்கிறானே, அவன் ஏன் அப்படி நினைக்கிறான் என்று அவனுக்காகச் சொல்லிப் பார் என்பேன்.

அமைப்பு முறைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1988இல் தொடங்கிய உலகப் பாடசாலைகள் விவாதப் போட்டியில் அணிக்கு மூவர், ஆளுக்கு எட்டு நிமிடம், கடைசியில் நான்கு நிமிடத் தொகுப்புரை. முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர மற்ற நேரத்தில் எதிரணி எழும்பிப் பதினைந்து வினாடிக்குள் இடைக்கேள்வி கேட்கலாம். புள்ளியில் விஷயத்துக்கு நாற்பது, பேசும் பாங்குக்கு நாற்பது, உத்திக்கு இருபது. எங்கள் தமிழ்ப் போட்டிகளில் ஆள் எண்ணிக்கையும் நேரமும் போட்டிக்குப் போட்டி மாறும், சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பிள்ளைக்கு மூன்று நிமிடம் தாராளம். இடைக்கேள்வியை மட்டும் தமிழிலும் கொண்டுவரலாம் என்பது என் ஆசை, நெட்டுருப் பேச்சுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. நடுவில் ஒரு கேள்வி வந்தால் மனப்பாடம் அறுந்துவிடும், யோசித்தே ஆகவேண்டும்.

யாரை எங்கே போடுவது என்பதில் பலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. குரல் கணீர் என்று இருப்பவரை முதலில் போடுவார்கள், பேசத் தயங்குகிற பிள்ளையை அணியிலேயே சேர்க்கமாட்டார்கள். அமைதியான பிள்ளைகளில் பலர் அபாரமாகக் கேட்பவர்கள். அவர்களைக் கடைசிப் பேச்சாளராகப் போட்டுப் பாருங்கள், அந்த இடத்தில் புது வாதம் சொல்லக்கூடாது, இதுவரை நடந்த சண்டை எங்கே, அதில் யார் கை ஓங்கியது என்று எடை போட்டுச் சொல்லவேண்டும். மடித்த தாளில் எல்லாம் குறித்து வைத்திருக்கும் பிள்ளைக்கு அது வெல்லம்.

மேடைத் தமிழ் பற்றிப் பெரிய பயம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, ஆசிரியர்களுக்கும். தோட்டத்துப் பேச்சு வந்துவிடும் என்று வாயே திறக்காத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு போட்டியில் நடுவராக வந்தவர், பெயர் வேண்டாம், பிள்ளையின் வாதத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் ளகர லகரத்தைப் பற்றியே பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனார். உச்சரிப்பு முக்கியம்தான், அதைத் திருத்தக் காலம் இருக்கிறது. நான் காரணம் தேடுகிற பயிற்சி எல்லாவற்றையும் வீட்டில் பேசுகிற தமிழிலேயே விட்டுவிடுவேன். வாதம் கெட்டியான பிறகு, அதே விஷயத்தை எழுத்துத் தமிழில் சொல்லிப் பார் என்றால் பிள்ளை அலங்காரம் சேர்க்காமல் நேரே சொல்கிறது. வணக்கம் ஒரு வரிக்கு மேல் போகக்கூடாது என்பது என் வகுப்புச் சட்டம்.

விவாதம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு குறை, ஒரே ஒரு நிறை சொல்வேன். பெரிய பட்டியல் வாசித்தால் எதுவும் தங்காது. "நல்லா பேசின" என்று மட்டும் சொல்வதும் வீண், எந்த வசனம் நன்றாக இருந்தது என்று சொல்லவேண்டும். முடிவு சொல்லும்போது எனக்குப் பிடித்த பக்கம் எது என்பதை வெளியே விட்டுவிட்டு, அவர்கள் மேசையில் வைத்ததை மட்டும் பார்த்துச் சொல்வேன். காணிப் பங்கு விஷயத்தில் எனக்கென்று பலமான அபிப்பிராயம் உண்டு. ஆனால் அது எந்தப் பக்கம் என்று என் பிள்ளைகளுக்கு இதுவரை தெரியாது, அவர்கள் பந்தயம் கட்டி இருக்கிறார்கள் என்று கேள்வி.

அடுத்த தவணைக்கு எட்டரை மணித் தலைப்பையே எடுத்து வேறு பாடசாலை ஒன்றோடு மோதிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். நோர்வூட், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் யாராவது அணி வைத்திருந்தால் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை பார்ப்போம். எழுதிக்கொடுத்த பேச்சு கூடாது, எந்தப் பக்கம் என்பது அன்று காலையில்தான் சுண்டிப் பார்ப்போம், ஆளுக்கு மூன்று நிமிடம், இடைக்கேள்வி உண்டு. தேத்தண்ணியும் ரொட்டியும் எங்கள் கணக்கு. நடுவரை மட்டும் நீங்கள் கூட்டிக்கொண்டு வாருங்கள், ளகரத்தோடு சேர்த்து வாதத்தையும் கேட்கிற ஆளாகப் பார்த்து.